தனி வக்கீலா, பெரிய லா ஃபர்மா? கிரிமினல் வழக்கு வந்தால் யாரிடம் போவது

நீங்கள் கேட்டது இது. திருநெல்வேலியில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உங்கள் தம்பி மீது, பணம் கையாடல் செய்துவிட்டதாக முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. கைது இல்லை, ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. உள்ளூரில் தனியாகத் தொழில் செய்யும் கிரிமினல் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். மாமாவோ சென்னையில் நாற்பது ஐம்பது பேர் வேலை பார்க்கும் பெரிய லா ஃபர்மிடம் கொடுக்கச் சொல்கிறார். யாரை வைப்பது?

நான் வக்கீல் இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கைக் கூப்பிட்டதும் யார் எழுந்து நிற்கிறார்கள், யார் நிற்பதில்லை என்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் அந்த வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் தம்பியின் வழக்குக்கு உள்ளூர் தனி வக்கீல்தான் சரி, அவர் நல்ல டிரயல் வக்கீலாக இருந்தால். எல்லா வழக்குக்கும் இதே பதில் பொருந்தாது.

முதலில் வழக்கு எங்கே நடக்கப்போகிறது என்று பாருங்கள். வேலைக்காரர் நம்பிக்கை மோசடி என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(4), பழைய இ.பி.கோ. 408. அதிகபட்சம் ஏழு வருடத் தண்டனை. விசாரணை உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். முன்ஜாமீன் வேண்டுமென்றால் வழக்கமாக முதலில் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட், அங்கே கிடைக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலையிலிருந்து தென்மாவட்ட வழக்குகளெல்லாம் மதுரைக் கிளைக்குத்தான் போகின்றன. ஆக, இந்த வழக்கின் பாதையில் சென்னை வரவே வராது. சென்னை ஃபர்ம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் திருநெல்வேலியிலேயே ஒரு வக்கீலிடம் சொல்லி நிற்க வைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அப்போது நீங்கள் ஃபர்முக்கும் ஃபீஸ் கொடுத்து, கடைசியில் உங்களுக்குத் தெரியாத ஒரு உள்ளூர் வக்கீலையே வைத்திருப்பீர்கள்.

கிரிமினல் வழக்கில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது அலுவலகத்தை அல்ல, ஆளை. சாட்சி கூண்டில் ஏறுகிற நாளில் எழுந்து நின்று கேள்வி கேட்கப்போகும் அந்த ஒரு ஆள் யார்? வாசலில் தொங்கும் போர்டில் இருக்கிற பெயரா, போன மாதம் சேர்ந்த ஜூனியரா? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் கொடுங்கள், அது தனி வக்கீலானாலும் சரி, ஃபர்மானாலும் சரி.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் கோர்ட்டில் அடிக்கடி நடந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி வந்திருப்பார். ஏ.பி.பி. (அரசுத் தரப்பு வக்கீல்) முதல் விசாரணையை முடிப்பார். "கிராஸ்?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். ஒரு ஜூனியர் எழுந்து, "சீனியர் மதுரையில் இருக்கிறார், பாஸ் ஓவர் கேட்கிறோம்" என்பார். மதியம் மறுபடி கூப்பிட்டால், "சீனியர் இன்னும் வரவில்லை, ஒரு வாய்தா வேண்டும்." சாட்சி வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்தவராக இருப்பார். கோர்ட் எத்தனை முறை பொறுக்கும்? "குறுக்கு விசாரணை இல்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த வரியை டைப் அடிக்கும்போது குற்றவாளிக் கூண்டுப் பக்கம் நிற்பவரின் முகத்தைப் பார்த்தால், என்ன நடந்தது என்றே அவருக்குப் புரிந்திருக்காது. சாட்சி சொன்னது அப்படியே மறுப்பில்லாமல் ரெக்கார்டில் நிற்கிறது. பிறகு சாட்சியைத் திரும்ப அழைக்க மனு போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 311-வது பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 348. அதை அனுமதிப்பதும் தள்ளுவதும் கோர்ட்டின் கையில். அனுமதித்தாலும் சாட்சிக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்வார்கள், மாதங்கள் ஓடும், அதற்குள் சாட்சி நன்றாகத் தயாராகியும் வந்துவிடுவார். இப்படிக் கிராஸைத் தள்ளிப்போடும் பழக்கத்தை உச்ச நீதிமன்றமே 2015-ல் ஒரு பஞ்சாப் வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

இந்தத் தவறு இரண்டு பக்கத்திலும் நடக்கும். பெரிய அலுவலகத்தில் ஜூனியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வழக்குக் கட்டு கை மாறிக்கொண்டே இருக்கும். தனி வக்கீலுக்கு ஒரே காலையில் மூன்று கோர்ட்டில் வேலை இருக்கும். ஆனால் தனி வக்கீலிடம் ஒரு வித்தியாசம்: கட்டைப் படித்தவரும் கிராஸ் செய்பவரும் ஒரே ஆள். கணக்கு வழக்கில் இது பெரிய விஷயம்.

உங்கள் தம்பி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புகாரில் இத்தனை லட்சம் குறைகிறது என்று இருக்கும். ஆதாரமாக டேலி (கணக்கு மென்பொருள்) பிரிண்ட் அவுட், வவுச்சர்கள், ஒருவேளை கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். நல்ல டிரயல் வக்கீல் என்ன செய்வார்? டேலிக்கு பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருந்தது, குறிப்பிட்ட என்ட்ரி போட்ட நாளில் தம்பி வேலைக்கு வந்தாரா, கல்லாவை யார் எண்ணினார்கள், வங்கியில் கட்டிய சலானில் யார் கையெழுத்து, முந்தைய வருடம் ஆடிட்டர் கணக்கைச் சரி என்று கையெழுத்துப் போட்டாரா என்று தம்பியிடமே உட்கார்ந்து கேட்பார். முதலாளி போலீசிடம் விசாரணையில் சொன்ன வாக்குமூலத்தில் பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை இருந்து, கோர்ட்டில் அதை மாற்றிச் சொன்னால் அந்த நொடியே பிடிப்பார். கம்ப்யூட்டர் ஆவணத்துக்குப் புதிய சாட்சிய சட்டம் 63(4) கேட்கும் சான்றிதழ் இருக்கிறதா, இரண்டு பகுதியும் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கு ஐம்பது பேர் வேண்டாம். கட்டை இரண்டு முறை முழுசாகப் படித்த ஒருவரும், கூட உட்கார ஒரு நல்ல ஆடிட்டரும் போதும். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது நேரம். கைது என்று வந்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ராத்திரி மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் நடப்பது சகஜம். அந்த நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் வக்கீல்தான் உதவுவார். கைதுக்கான காரணத்தைச் சொன்னார்களா, உடம்பில் காயம் இருக்கிறதா, ஏழு வருடத்துக்குட்பட்ட குற்றத்தில் கைது அவசியம்தானா என்றெல்லாம் அங்கேதான் கேட்க வேண்டும். கைதுக் காரணத்தைச் சரியாகத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுநாள் காலை சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறவருக்கு இந்த வாய்ப்பு போய்விட்டிருக்கும்.

நாள் எண்ணுவதும் அப்படித்தான். தம்பி மீதான பிரிவுக்கு, சிறையில் வைத்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. பத்து வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், வணிக அளவு போதைப்பொருள் வழக்கில் 180 நாள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு போதைப்பொருள் வழக்கில், 180 நாள் முடிந்த மறுநாள் காலையிலேயே மனு போட்டுவிட்டார்கள். அன்றைக்கே பிற்பாடு அரசுத் தரப்பு கூடுதல் புகாரை (இந்த வகை வழக்கில் குற்றப்பத்திரிகை போன்றது) தாக்கல் செய்தது. உயர்நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தும்கூட, காலையில் மனு போட்ட ஒரே காரணத்தால் 2020-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீனைத் திரும்பக் கொடுத்தது. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வக்கீலின் வேலை அது. நீங்கள் பார்க்கும் வக்கீலிடம் "அறுபதாவது நாள் என்றைக்கு வருகிறது?" என்று கேட்கும் நிலை வந்தால், அவர் விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டும்.

சரி, பெரிய அலுவலகம் எப்போது தேவை? அமலாக்கத்துறை உள்ளே வந்துவிட்டால் தேவை. அங்கே ஒரே நேரத்தில் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு, சொத்து முடக்கத்துக்கு டெல்லியில் தீர்ப்பாணையத்தின் முன் பதில், அதற்கு மேல்முறையீடு, உயர்நீதிமன்றத்தில் ரிட் என்று நான்கு இடத்தில் ஓட வேண்டும். ஜாமீனுக்கே பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45-வது பிரிவில் கூடுதல் நிபந்தனைகள். ஒரு மனிதர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தனியாகச் சுமக்க முடியாது. சி.பி.ஐ.யின் வங்கிக் கடன் வழக்குகள், பல மாநிலங்களில் எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்குகள், பொருளாதாரக் குற்றப்பிரிவு எடுக்கும் நிதி நிறுவன வழக்குகளும் இந்த வகைதான். டான்பிட் (முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம்) வழக்கில் ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் சாட்சிப் பட்டியலில் இருப்பார்கள், ஆவணம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வரும். அதைப் பிரித்து அட்டவணை போடவே நான்கு பேர் வேண்டும். உங்கள் தம்பி துணிக்கடைக்குப் பதில் அப்படி ஒரு நிதி நிறுவனத்தில் கிளை மேலாளராக இருந்திருந்தால், மாமா சொல்வது சரி என்றே எழுதியிருப்பேன்.

கொலை வழக்கு என்றால் உடனே பெரிய பெயரைத் தேடி ஓடுகிறவர்கள் அதிகம். அது தேவையில்லை. செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு நடத்தி நடத்தியே தலை நரைத்த தனி வக்கீல்கள் எல்லா மாவட்டத் தலைநகரிலும் இருக்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை டாக்டரைவிட நுணுக்கமாக வாசிப்பார்கள்.

இரண்டையும் கலக்கவும் வழியுண்டு, பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. வக்காலத்து உள்ளூர் வக்கீலிடம் இருக்கட்டும். மதுரைக் கிளையில் முன்ஜாமீனோ, வழக்கை ரத்து செய்யும் மனுவோ போட வேண்டி வந்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அங்கே தொழில் செய்பவரை வைக்கலாம். மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து பெற்றவர்கள் நேரடியாக வக்காலத்து போட முடியாது, இன்னொரு வக்கீல் மூலமாகத்தான் ஆஜராவார்கள். ஆகவே "பெரிய சீனியரை வைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அவருக்குத் தனி ஃபீஸ், அன்றைய ஒரு வாதத்துக்கு மட்டும் வருவார், கட்டைத் தயாரிப்பது வேறொருவர் என்று புரிந்துகொள்ளுங்கள். தவறில்லை. அந்த வேறொருவர் யார் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

தனி வக்கீலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் வழக்குக்கும் காய்ச்சல். "உங்களால் வர முடியாத நாளில் யார் நிற்பார்?" என்று முதல் நாளே கேளுங்கள். நம்பகமான இன்னொரு வக்கீலின் பெயரை உடனே சொன்னால் நல்லது. இரண்டாவது, ஸ்டேஷனோடு அதிக நெருக்கம். "இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான், நான் பேசி முடித்துவிடுகிறேன்" என்பவரிடம் கவனமாக இருங்கள். நாளைக்கு அதே இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றி இவர் கடுமையாகக் கேள்வி கேட்பாரா? மூன்றாவது, புதுச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைச் சட்டம் மாறிவிட்டது. உதாரணமாக, போலீஸ் குற்றப்பத்திரிகை போட்ட வழக்கில் விடுவிப்பு மனுவை, நகல்கள் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும் என்று இப்போது கெடு இருக்கிறது. பழைய சட்டத்தில் அது இல்லை. "டிஸ்சார்ஜ் போடக் கெடு ஏதாவது உண்டா சார்?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே அவர் படிக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஆளை எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், என் வழி ஒன்றுதான்: ஒரு காலைப்பொழுது கோர்ட்டில் போய் உட்காருங்கள். கோர்ட் எல்லோருக்கும் திறந்த இடம். பத்தரை மணிக்குப் போய்ப் பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து, நீங்கள் நினைத்திருக்கும் வக்கீல் கூப்பிட்டதும் இருக்கிறாரா, கட்டு கையில் இருக்கிறதா, மாஜிஸ்திரேட் ஒரு கேள்வி கேட்டால் கட்டைப் புரட்டாமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். குரல் உயர்த்துவதைத் திறமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்தே பார்க்க இ-கோர்ட்ஸ் தளம் இருக்கிறது. அதில் வக்கீல் பெயரைக் கொடுத்தும் தேடலாம். அவருடைய வழக்குகளின் தினசரி நடவடிக்கைகளைத் திறந்து பார்த்தால், சாட்சி விசாரணை நடந்து தீர்ப்பு வரை போன வழக்குகள் இருக்கின்றனவா, வெறும் ஜாமீன் மனுக்கள்தானா என்று புரியும். ஜாமீன் எடுப்பதும் டிரயல் நடத்துவதும் வேறு வேறு திறமை. இரண்டும் ஒருவரிடம் இருந்தால் அதிர்ஷ்டம்.

இணையத்தில் வரும் "டாப் 10 கிரிமினல் வக்கீல்கள்" பட்டியலை நம்ப வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்யவே பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இப்படி வக்கீல்களைச் சந்தைப்படுத்தும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஸ்டேஷன் வாசலிலும் ஆஸ்பத்திரியிலும் "நல்ல வக்கீல் இருக்கிறார், வாங்க" என்று ஒட்டிக்கொள்ளும் புரோக்கர்களையும் அப்படியே தள்ளிவிடுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசும் ஃபீஸும் விதிப்படி கூடாது. விடுதலைக்கு உத்தரவாதம் கொடுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபீஸ் பேசும்போது கட்டம் கட்டமாகப் பேசுங்கள். முன்ஜாமீனுக்கு எவ்வளவு, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு டிரயலுக்கு எவ்வளவு, வாய்தாவுக்கு வர முடியாத நாளில் போடும் 317 மனு (இப்போது 355, ஆனால் எல்லோரும் 317 என்றே சொல்கிறார்கள்) அதில் சேர்ந்ததா, குமாஸ்தா செலவு தனியா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெரிய ஃபர்மில் இதையெல்லாம் கடிதமாகவே கொடுப்பார்கள், அது அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம். தனி வக்கீலிடமும் கேட்டு வாங்குவதில் தப்பில்லை.

நீங்கள் எழுதியதில் இன்னொரு விஷயம் உறுத்தியது. அதே எஃப்.ஐ.ஆரில் கேஷியரும் இருக்கிறார், செலவு குறைய இருவரும் ஒரே வக்கீலை வைக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். பணத்தைத் தொட்டது அவர், எழுதியது இவர். நாளைக்கு ஒருவர் மற்றவரைக் கை காட்டுவதுதான் தற்காப்பு என்று ஆகலாம். ஒரே வக்கீல் இருவருக்கும் நின்றால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

பணமே பெரிய கவலை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை மறக்காதீர்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 2022 முதல் மாவட்டங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட முழுநேர வக்கீல்களையே நியமித்து வருகிறார்கள். அவர்கள் தனியாகத் தொழில் செய்யக் கூடாது, உங்கள் வழக்குதான் வேலை. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இலவசம் என்றால் மட்டம் என்று நினைப்பது பழைய எண்ணம்.

வைத்த வக்கீல் சரியில்லை என்று பிறகு தோன்றினால் மாற்றலாம். அவரிடம் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிப் புது வக்காலத்து போடுவது வழக்கம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை, உச்ச நீதிமன்றம் 2000-லேயே இதைத் தீர்த்துவிட்டது. ஆனால் முக்கிய சாட்சி விசாரணை நடுவில் இருக்கும்போது மாற்றாதீர்கள்.

இப்போது அவசரம், அந்த நோட்டீஸ். கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லும் இந்த நோட்டீஸ் புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் வருவது; அதில் குறித்த தேதியில் ஆஜராகி ஒத்துழைத்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். எனவே தேதிக்கு முன்னாலேயே வக்கீலை முடிவு செய்து, தம்பியை அவரோடு அனுப்புங்கள். ஆஜரானதற்கு ஒப்புதல் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் "சமாதானமாகப் போய்விடலாம்" என்று சொல்லி வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலோ தேதியில்லாத செக்கிலோ கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது. அந்த செக் நாளைக்குத் தனி வழக்காக வரும். உண்மையிலேயே சமாதானம் வேண்டுமென்றால், இந்தப் பிரிவில் கோர்ட் அனுமதியோடு பணத்துக்குரியவர் சமரசம் செய்துகொள்ள சட்டத்திலேயே வழி இருக்கிறது. முதலாளியின் வக்கீலோடு பேசி அதைக் கோர்ட் வழியாக முடிக்கவும் உள்ளூர் வக்கீல்தான் வசதியானவர், இருவரும் தினமும் அதே வராந்தாவில் சந்தித்துக்கொள்கிறவர்கள்.